சட்டைப் பையில் அடங்கும் சிறு டார்ச் விளக்குகள்

பொழுது சாய்ந்த பின்னர் வயலுக்குப் போக வேண்டிய அவசியம் நேராத குடியானவர் நம்மிடையே மிகச் சிலரே ஆவர். மும்முனை மின்சாரம் முறை வைத்துக் கொடுக்கப்படும் இடங்களில் நடுநிசியில் எழுந்து சென்று மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறது. ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் தண்ணீர் முறை இரவில் வந்துவிட்டால், மடையைத் திறக்கவும் அடைக்கவும் இருட்டிலே வரப்பின் மேல் நடக்க நேரிடுகிறது. கதிர் முற்றிய காலத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பதும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஏரிக்கரையைச் சுற்றிப் பார்ப்பதும், சினைப் பசுவை ஈனும் நாளில் ஜாமத்துக்கு ஒரு தரம் எழுந்து பார்ப்பதும் யாவரும் அறிந்த காரியங்களே. இவற்றுக்கெல்லாம் முன்னாளில் அரிக்கன் விளக்கும், பின்னர் இரண்டு மூன்று பெரிய பாட்டரிக் கட்டைகள் போட்ட நீண்ட டார்ச்சும் உபயோகத்தில் இருந்தன. இப்பொழுது ஒரு விரலின் நீளமே உள்ள எல்.இ.டி. டார்ச்சுகள் கடைதோறும் கிடைக்கின்றன. விலை சில பத்து ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரையில் இருக்கிறது. பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கும் எண்களோ வாங்குகிறவரை மயங்கச் செய்கின்றன. ஆதலின் இவ்விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அன்றாட உபயோகத்துக்கு ஏற்றது எது என்று அறிந்து கொள்ளும் வகையை இங்கு விவரிப்போம்.

இது அற்ப விஷயம் என்று தள்ளிவிடத் தக்கதன்று. 2000ஆம் வருஷம் முதல் 2019ஆம் வருஷம் முடிய இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் ஜனங்கள், அதாவது சராசரி வருஷம் ஒன்றுக்கு 58,000 பேர், பாம்பு கடித்து இறந்தனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கணக்குக் கூறுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாட்டு அரசாங்கத்தாரும் 2024இல் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அவசியம் தெரிவிக்க வேண்டியவற்றின் ஜாபிதாவில் சேர்த்திருக்கின்றனர். கட்டுவிரியன் இரவில் நடமாடும் ஜாதி. கண்ணாடி விரியன் நெல் வயலிலும் வைக்கோற் போரடியிலும் சருகோடு சருகாய்க் கிடப்பது. வெளிச்சத்தைக் கண்டால் பாம்பு விலகிப் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதை நம்பிக் கால் வைக்கலாகாது. விளக்கு பாம்பை விரட்டுவதில்லை. அடுத்த அடி வைக்கும் இடத்தில் என்ன கிடக்கிறது என்பதை நமக்குக் காட்டுகிறது. அவ்வளவே அதன் வேலை. ஆனால் அந்த வேலையை அது ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்ய வேண்டும். மற்ற குணங்களை யெல்லாம் இதற்குப் பிற்பட்டனவாகவே கொள்ளுதல் நலம்.

கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே, தனியே ஒன்று எதற்கு என்று கேட்கலாம். வீட்டுக்குள் சாவியைத் தேடுவதற்கு அது போதும். வயலில் அது உதவாமைக்குக் காரணங்கள் உண்டு. அதன் ஒளி குவியாமல் நாற்புறமும் சிதறுவதால் பத்தடிக்கு அப்பால் தெளிவாகத் தெரிவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டே மடைப்பலகையைத் தூக்க முடியாது. சேற்றில் விழுந்தால் நஷ்டம் பெரிது. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. வயலில் ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் 108க்குச் சொல்லி வண்டியை வரவழைப்பதற்கு இருக்கும் சாதனம் அந்தக் கைப்பேசி ஒன்றுதான். அதன் மின்சாரத்தை வழி பார்க்கவே செலவழித்துவிட்டு, ஆபத்து வேளையில் அது உயிரற்றுக் கிடக்கும்படி செய்து கொள்வது விவேகமாகாது.

பெட்டியின் மேலுள்ள எண்கள்

பழைய டார்ச்சில் பல்பினுள் இருந்த மெல்லிய கம்பி சூடேறிச் சிவந்து ஒளி கொடுத்தது. செலவான மின்சாரத்தில் பெரும்பங்கு உஷ்ணமாகவே போயிற்று. எல்.இ.டி. என்பது கடுகளவுள்ள ஒரு படிகத் துண்டு. அதில் மின்சாரம் பாயும்பொழுது நீல ஒளி பிறக்கிறது. அதன் மேல் பூசியுள்ள மஞ்சள் நிறப் பொடி அந்நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டுங் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. பிரகாசமுள்ள நீல எல்.இ.டி.யை 1993இல் ஜப்பானில் ஷூஜி நாகமுரா என்பவர் செய்து காட்டினார். அவருக்கும், இத்துறையில் அவருக்கு முன்னரே உழைத்த இஸாமு அகஸாகி, ஹிரோஷி அமானோ ஆகிய இருவருக்கும் 2014இல் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதே மின்சாரத்துக்குப் பழைய பல்பைக் காட்டிலும் பல மடங்கு ஒளி கிடைப்பதனாலேயே, ஒரே ஒரு சிறு கட்டையைக் கொண்டு இரவு முழுதும் காரியம் நடத்த இப்பொழுது முடிகிறது.

விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியை லூமன் என்ற அளவால் குறிப்பர். ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமன் தரும் என்று ஞாபகம் வைத்துக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். வரப்பில் காலடி பார்த்து நடக்க, ஒளி கீழ் நோக்கிக் குவிந்திருக்குமாயின், 10 முதல் 30 லூமன் போதுமானது. வாய்க்காலின் எதிர்க்கரையைப் பார்ப்பதற்கு 100 லூமன் வேண்டியிருக்கும். 1,000 லூமன் என்று விற்கும் சிறு விளக்குகளும் உண்டு. அவை அப்பிரகாசத்தில் சில நிமிஷங்கள் எரிந்தவுடனே கை சுடும்படி காய்ந்து, தாமாகவே ஒளியைக் குறைத்துக் கொள்ளும். அவ்வளவு சிறிய உடல் அவ்வளவு உஷ்ணத்தை வெளியேற்ற இயலாது. இன்னும், மிகுந்த ஒளியைக் கண் பார்த்துவிட்டால் இருளுக்கு மீண்டும் முழுவதும் பழக இருபது முப்பது நிமிஷங்கள் ஆகும்; விளக்கை அணைத்ததும் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் திகைத்து நிற்க வேண்டும். இரவில் நடந்து பழகிய பெரியவர்கள் மங்கல் வெளிச்சத்தை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

எவ்வளவு தூரம் எட்டும் என்பது வேறு கணக்கு. 2009இல் அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்டு, இன்று பல தேசத்து உற்பத்தியாளரும் அனுசரித்து வரும் எஃப்.எல்.1 என்னும் விதிப்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்கு மங்கிப் போகும் இடமே எட்டும் தூரமாகும். இது தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலவு தரும் வெளிச்சத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே பெட்டியில் 100 மீட்டர் என்றிருந்தால், 100 மீட்டரில் ஒரு மாடு நிற்பது நிழலாகத் தெரியலாமேயன்றி, அது யாருடைய மாடு என்று தெரியாது. அதில் பாதித் தூரத்தையே உபயோகமான தூரமாகக் கொள்ள வேண்டும். தூரத்தை இரட்டிக்க ஒளியின் உக்கிரத்தை நான்கு மடங்கு ஆக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 50 மீட்டருக்கு 625 கான்டெலா போதுமாயிருக்க, 100 மீட்டருக்கு 2,500உம், 200 மீட்டருக்கு 10,000உம் தேவையாகின்றன. தூரம் எட்டும் விளக்கின் ஒளி குறுகிய வட்டமாக விழும். காலடிக்கு அகன்ற ஒளியே நல்லது. நம் தேவை பெரும்பாலும் காலடியில்தான்.

எரியும் நேரத்தைப் பற்றிப் பெட்டியில் காணும் எண்ணே வாங்குகிறவரை அதிகமாக ஏமாற்றுவது. மேற்கண்ட விதியில், விளக்கைப் போட்டு அரை நிமிஷம் ஆனபின் இருந்த ஒளி, அதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை செல்லும் காலமே எரியும் நேரம் எனப்படுகிறது. 100 லூமன், 5 மணி நேரம் என்று எழுதியிருந்தால், ஐந்து மணி நேரமும் 100 லூமன் கிடைக்கும் என்று பொருளல்ல. கால் மணியிலேயே 40க்கு இறங்கி, மீதி நேரமெல்லாம் மங்கிக்கொண்டே போய், கடைசியில் 10இல் நின்றாலும் அவ்வெழுத்துப் பொய்யாகாது. விதி எதையும் அனுசரியாத மலிவு விளக்குகளின் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. விரலளவு விளக்கில் பத்தாயிரம் லூமன் என்று அச்சிட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சந்தையில் அதை வாங்கி வந்து, வீட்டிலிருந்த 100 லூமன் விளக்கோடு இருட்டறையில் இரண்டையும் கூரையை நோக்கி நிறுத்திப் பார்த்ததில், இரண்டுக்கும் அதிக வித்தியாசம் காணப்படவில்லை.

கட்டைகளைக் கொண்டு விளக்குகளைப் பிரித்தறிதல்

விளக்கின் உடலைப் பார்ப்பதற்கு முன்னர் உள்ளே போடும் கட்டையைப் பார்க்க வேண்டும். விளக்கு எவ்வளவு பெரிதாயிருக்கும், எவ்வளவு நேரம் எரியும், அவசரத்துக்கு மாற்றுக் கட்டை அகப்படுமா என்ற மூன்றையும் நிச்சயிப்பது கட்டையே. பத்து மைல் போய்த்தான் கட்டை வாங்க வேண்டுமென்றால், எவ்வளவு உயர்ந்த விளக்கானாலும் அது ஒரு நாள் கைவிட்டுவிடும்.

எல்லாவற்றிலும் சிறியது காசு போன்ற வட்டக் கட்டையில் எரியும் சாவிக்கொத்து விளக்கு. பூட்டைத் திறக்கவும், ரசீதைப் படிக்கவும் உதவும். வயலுக்கு இதை நம்பிப் போகலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதன் கட்டையை மிக ஜாக்கிரதையாக வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடியது. அப்படி நேர்ந்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அடுத்தது ஏஏஏ கட்டை ஒன்றைக் கொண்டது. டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சன்னக் கட்டை இதுவே. இவ்விளக்கு பேனாவைப் போல் சட்டைப் பையில் செருகிக் கொள்ளத் தக்கது; சில பலத்துக்கு ஒரு விரல் மொத்தமே இருக்கும். மடியில் கனம் தெரியாமையால் எப்பொழுதும் உடனிருக்கும் என்பது இதன் பெருங் குணம். குறையோ, கட்டையில் உள்ள சக்தி மிகச் சிறிது. திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் ஜாதிக் கட்டையானால், என் கணக்குப்படி 100 லூமனில் முக்கால் மணியும், 10 லூமனில் ஆறு ஏழு மணியும் எதிர்பார்க்கலாம். கிராம அதிகாரிகளுக்கும், இரவில் அதிகம் வெளியே போகாதவர்களுக்கும் இது போதும்.

இந்த ஏஏஏ கட்டைகள் மூன்றை ஒரு கூட்டில் அடைத்து, முகப்பில் ஒன்பது சிறு குமிழ்களைப் பதித்த விளக்கு ஒரு காலத்தில் எங்கும் பரவி, இன்றும் மலிவு விலையில் விற்கிறது. மூன்று கட்டைகளின் முனைகளும் கூட்டின் முனைகளும் ஒன்றோடொன்று சரியாகத் தொட்டால்தான் எரியும். கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப் போகும். ஒரு கட்டை மற்ற இரண்டுக்கும் முந்தித் தீர்ந்து கசியும். மூன்று கட்டைக்குச் செலவு செய்து ஒரு கட்டையின் நம்பிக்கையைக்கூடப் பெறாத இவ்வகையை நாம் சிபார்சு செய்வதற்கில்லை.

நம் குடியானவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்றது, ஏஏ கட்டை ஒன்றில் எரியும் விளக்கே என்பது நமது துணிபு. இது சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் கட்டை. 14.5 மில்லிமீட்டர் கனமும் 50.5 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒன்றும் கிடையாவிட்டால் கடிகாரத்திலிருந்தே எடுத்துப் போட்டுக் கொள்ளலாம். ஏஏஏ கட்டையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சக்தி இதில் உண்டு. வெண்மை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டுமாகையால், ஒன்றரை வோல்ட்டுள்ள ஒரே கட்டையைக் கொண்டு எரிப்பதற்கு வோல்ட்டை உயர்த்தும் ஒரு சிறு மின்னமைப்பு விளக்கினுள் வைக்கப்பட்டிருக்கும். நல்ல விளக்கில் இவ்வமைப்பு கட்டையிலுள்ள சக்தியைக் கடைசி வரை உறிஞ்சிக் கொள்ளும். கடிகாரத்துக்கு வலுப்போதாத கட்டைகூட இதில் மங்கலாகச் சில மணி நேரம் எரிவதுண்டு.

கட்டையிலும் ஜாதி பார்க்க வேண்டும். மலிவான கார்பன் கட்டை கடிகாரத்துக்கு உகந்தது. டார்ச்சின் இழுப்புக்கு ஈடுகொடாது. அல்கலைன் கட்டை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும். எனினும் விளக்கினுள்ளேயே விட்டுவிட்டால் நாளடைவில் கசியும். 1.2 வோல்ட் என்று குறித்த நிக்கல் ஜாதிச் சார்ஜ் கட்டை, வோல்ட் குறைவாகத் தோன்றினும், அதிகப் பிரகாசத்தில் அல்கலைனைவிட நின்று உழைக்கும், நூற்றுக்கணக்கான தரம் திரும்பச் சார்ஜ் செய்யலாம், கசிவது அரிது. வைத்த இடத்திலேயே சார்ஜ் இறங்காத ரகம் 2005 முதல் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதையே கேட்டு வாங்க வேண்டும். இக்கட்டை ஒன்றைப் போட்டால் 100 லூமனில் ஒன்றரை முதல் இரண்டு மணியும், 10 லூமனில் ஏறக்குறைய பதினைந்து மணிக்கு மேலும் எரியக் காணலாம். பதினைந்து மணி என்பது, தினம் அரை மணி உபயோகிக்கும் குடியானவருக்கு ஒரு மாதம்.

இவற்றுக்கெல்லாம் பெரியது 18650 என்னும் லித்தியம் கட்டையில் எரியும் விளக்கு. அந்த எண்ணுக்கு அர்த்தம், 18 மில்லிமீட்டர் கனமும் 65 மில்லிமீட்டர் நீளமும் என்பதே. சக்தியில் இது ஏஏ நிக்கல் கட்டையைப் போல் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. 100 லூமனில் ஏழு எட்டு மணி நேரம் எரிக்கும். காட்டோரத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க வேண்டியவர்கள், நீண்ட ஏரிக்கரையைச் சுற்ற வேண்டியவர்கள் ஆகியோருக்கு இதுவே தகுதி. ஆனால் சட்டைப் பையைக் கீழே இழுக்கும் கனமுள்ளது. கனமாயிருப்பதை மனிதன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். மேலும் இக்கட்டை விஷயத்தில் மோசடி மிகுதி. 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட கட்டைகள் விற்கின்றன. இந்த அளவுக் கட்டையில் சாதாரணமாக 2,000 முதல் 3,500 வரையிலேயே அடங்கும். 4,000க்கு மேல் எழுதியிருந்தால் அந்தக் கட்டையைத் தொடாதிருப்பதே நலம். உதிரியாக இதைச் சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் ஒரே பையில் போட்டால், இரு முனைகளும் இரும்பால் இணைந்து தீப்பற்றும். மோட்டார் கொட்டகையின் தகரத்தடியில் சித்திரை வெயிலில் விட்டு வைப்பதும் ஆகாது.

ஏஏ கட்டையின் அளவிலேயே 14500 என்ற லித்தியம் கட்டையும் உண்டு. அளவு ஒன்றாயிருப்பதால் தவறுதலாக மாற்றிப் போடுவது எளிது. இதன் வோல்ட் 3.7; இதற்கென்று சொல்லப்படாத விளக்கில் போட்டால் உள்ளமைப்பு கருகிவிடும். கடிகாரத்தில் போட்டாலும் அதே கதிதான்.

கட்டையைக் கழற்ற இயலாதபடி உள்ளேயே வைத்து மூடி, கைப்பேசிச் சார்ஜர் வயரால் சார்ஜ் செய்யும் விளக்குகள் இப்பொழுது அதிகம் விற்கின்றன. வீட்டில் மின்சாரம் தடையின்றி இருக்குமாயின் இவை மிகச் சௌகரியமானவை. கட்டைச் செலவே இல்லை. ஆனால் புயலடித்து நான்கு நாள் மின்சாரமில்லாமற் போகும்பொழுது, விளக்கு மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே இவை பயனற்றுப் போகின்றன. இரண்டு மூன்று வருஷத்தில் உள்ளிருக்கும் கட்டை தளர்ந்தால் விளக்கு முழுவதையும் எறிய வேண்டியதே. அடியில் இரண்டு முட்களை நீட்டிச் சுவரிலுள்ள பிளக்கில் நேரே செருகும் பழைய மாதிரியில் மற்றோர் அபாயமும் இருக்கிறது. அவற்றில் மலிவானவற்றுள் வீட்டு மின்சாரத்துக்கும் விளக்கின் உள்ளமைப்புக்கும் நடுவே பிரிவு கிடையாது. உடல் விரிசல் விட்டதையோ நனைந்ததையோ செருகினால் ஷாக் அடிக்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதைப் போட்டுப் பார்க்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

உடலும் சுவிட்சும்

விளக்கின் உடல் அலுமினியமாயிருப்பது நல்லது. உஷ்ணத்தை வெளியேற்றும், கல்லில் விழுந்தாலும் தாங்கும். பிளாஸ்டிக்கிலும் நல்லவை உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பியூஸ் பார்க்கும்பொழுது இரண்டு கையும் வேண்டுமே என்று உலோக விளக்கை வாயில் கவ்விக் கொள்வோர் பலர். இது மிகவும் அபாயகரமான பழக்கம். இதற்காகவே சில விளக்குகளில் தொப்பியிலோ தலைப்பாகையின் மடிப்பிலோ மாட்டிக்கொள்ளும் இருபுறக் கொக்கி வைத்திருக்கிறார்கள். அத்தகையதைத் தேடி வாங்கலாம். வேட்டி கட்டுவோருக்குப் பையில்லாத குறை உண்டாகையால், பின்புறம் கயிறு கோக்கத் துளையுள்ளதா என்றும் பார்த்துக் கொள்க. அரைஞாணில் முடிந்த விளக்கு வாய்க்காலில் விழுந்து போவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஐ.பி.எக்ஸ். என்ற எழுத்துக்களையடுத்த எண்ணைக் கவனிக்க. 4 என்றால் மழைத்தூறலைத் தாங்கும்; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. நம் வயல்களுக்கு 7ஐக் கேட்பதே முறை. நீர் புகாமல் தடுப்பது மூடியின் மரையிலுள்ள ஒரு சிறு ரப்பர் வளையமே. அது வறண்டு வெடித்துவிட்டால் எண்ணால் பயனில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் சிலிக்கோன் மசகு துளி தடவி வரவேண்டும். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மசகு ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும்.

சுவிட்சை ஒரு கையால், ஈரக் கையால், இருட்டில் தடவிக் கண்டு போட முடிய வேண்டும். முதல் அழுத்தில் மங்கல் ஒளியும், அடுத்த அழுத்தில் அதிக ஒளியும் வருவதே உத்தமம். ஒவ்வோர் அழுத்துக்கும் அதிகம், குறைவு, மின்னி மின்னி எரிதல் என்று மாறி வரும் விளக்குகள் வரப்பில் நிற்பவனைப் பரிகாசம் செய்வது போலிருக்கும். பாம்பைப் பார்க்கவேண்டிய வேளையில் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் எப்படியிருக்குமென்று நினைத்துப் பார்க்கவும். பையிலேயே தானாக அமுங்கி எரிந்து கட்டை தீர்ந்துபோவதும் சகஜம். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பெரும்பாலான உலோக விளக்குகளில் இது நேராது.

நிறத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நீலம் பாய்ந்த வெண்மை ஒளி பார்வைக்கு அதிகப் பிரகாசமாகத் தோன்றும். ஆனால் அதில் மஞ்சளும் பழுப்பும் சிவப்பும் வெளிறிப் போகும். சருகும் விரியனும் ஒரே நிறமாய்விடும். இலையில் மஞ்சள் கண்டிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்பதும் சரியாகத் தெரியாது. பெட்டியில் 4,000 அல்லது 5,000 கெல்வின் என்றும், நிறத்தைக் காட்டும் குறியீடு 90 என்றும் இருப்பவை இயற்கை நிறத்தை நன்றாகக் காட்டும். மக்காச்சோளத்தில் 2018 முதல் நம் நாட்டில் பரவியுள்ள படைப்புழுவை இரவில் குருத்தைப் பிரித்துத் தேடுவோருக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே புலப்படும். பூச்சிகளும் நீல ஒளியை நாடுமளவுக்கு மஞ்சள் பாய்ந்த ஒளியை நாடுவதில்லை. முகத்தில் மொய்க்கும் தொந்தரவு குறையும்.

பாதுகாப்பு

ஒரு சமயம் நான் என் பழைய டார்ச்சைக் கார்பன் கட்டையோடு மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டுக் கோடை முழுதும் மறந்திருந்தேன். ஆடியில் எடுத்துப் பார்க்கையில் கட்டை கசிந்து உடலோடு ஒட்டிக்கொண்டு, சுத்தியால் தட்டியும் வரவில்லை. விளக்கைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. குற்றம் முழுதும் என்னுடையதே. ஒரு மாதத்துக்கு உபயோகமில்லை யென்றால் கட்டையைக் கழற்றித் தனியே வைப்பதே சரி. கசிவு சிறிதாயிருந்தால் சுத்தம் செய்து கொள்ளலாம். அல்கலைன் கட்டையின் கசிவு கார குணமுள்ளது. துணியில் எலுமிச்சம்பழச் சாற்றை நனைத்துத் துடைக்கப் போய்விடும். கார்பன் கட்டையின் கசிவு புளிப்புக் குணமுள்ளது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல் வேண்டும். எதுவாயினும் பின்னர் ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காட்டி, முனைகளைத் துணியால் மெருகிட வேண்டும். கையில் உறை போட்டுக் கொள்வதும், கண்ணில் படாமல் காத்துக் கொள்வதும் அவசியம். விளக்கு மங்குவதாகத் தோன்றினால் உடனே புதுக் கட்டைக்கு ஓட வேண்டாம். யூரியாத் தூளும் வியர்வையும் மரையில் படிந்து மின்சாரம் பாயாமல் தடுப்பதும் உண்டு. மரையைத் துடைத்துப் போட்டுப் பார்க்கவும்.

பல கட்டைகள் போடும் விளக்கில் புதியதையும் பழையதையும், அல்கலைனையும் சார்ஜ் கட்டையையும் கலந்து போடலாகாது. தீர்ந்த கட்டைகளைக் குப்பையோடு எருக்குழியில் எறிவோர் உளர். அது அப்படியே உழவு மண்ணுக்கு வந்து சேரும். 2022இல் இந்திய அரசாங்கம் ஏற்படுத்திய பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, பட்டணம் போகும்பொழுது சேகரிக்கும் இடத்தில் கொடுத்து விடலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒன்று. புயற் காலத்துக்கென்று அலுவலகத்துக்கும் பாதுகாப்பு இல்லங்களுக்கும் விளக்கு வாங்கும்பொழுது, ஆளுக்கு ஒரு மாதிரியாக வாங்காமல் எல்லாம் ஒரே கட்டையில் எரியும்படி வாங்குவது நன்று. ஒன்றில் தீர்ந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்துப் போடலாம். இருப்புக் கணக்கும் சுலபம். வாங்கிய அன்றே, ஒரு விளக்கில் புதுக் கட்டை போட்டு, மங்கல் ஒளியில் வைத்து, அந்தியில் ஏற்றி, எத்தனை மணிக்கு அணைகிறதென்று பார்த்து, அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி விளக்கின் பெட்டியில் ஒட்டி வைக்கவும். கடைக்காரர் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தால், அடுத்த தரம் வாங்குகையில் எந்த விளக்கு என்பது தானே தீர்மானமாகிவிடும். புரட்டாசி பிறக்கும் முன்னர் எல்லாவற்றையும் ஒரு தரம் எரித்துப் பார்த்து, சார்ஜ் கட்டைகளைச் சார்ஜ் செய்து, உதிரிக் கட்டைகளை முனை தொடாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பா இருக்கும் இடத்தை உதவியாளருக்கும் காட்டி வைக்கவும்.